நகரத்துக்குள் ஓட்ட இருவர் அமரும் சின்ன மின்சாரக் கார்: குறைந்த செலவில் எதை எடுக்கலாம்?

கருநீலம்

அனைவருக்கும் வணக்கம். இருவர் மட்டும் அமரக்கூடிய சின்ன மின்சாரக் கார் ஒன்று எடுக்கலாம் என்று இருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் வேலைக்குப் போய்வரவும், அம்மாவை அவ்வப்போது மருத்துவமனைக்குக் கூட்டிப்போகவும் வேண்டும். போக வர மொத்தம் 35 கி.மீ. இருக்கும். வண்டி நிறுத்த எனக்கு இருக்கும் இடம் மூன்று மீட்டர் நீளம்தான், அதனால் வழக்கமான கார் எதுவும் உள்ளே போகாது. தரைத்தளத்தில் சொந்த மீட்டரிலிருந்து லைன் இழுத்து பிளக் போட்டுக்கொள்ள முடியும்.

தேடியதில் கிடைத்த பெயர்கள்: சிட்ரோயென் அமி, அதன் உடன்பிறப்பான ஃபியட் டோபோலினோ, ரெனோ ட்விஸி, மைக்ரோலினோ, பழைய சந்தையில் ஸ்மார்ட் ஃபோர்ட்டூ. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு ரேஞ்ச் (ஒருமுறை சார்ஜ் போட்டால் ஓடும் தூரம்) போட்டிருக்கிறார்கள். ஒன்றில் ஏசி இல்லை, ஒன்றில் ஏர்பேக் இல்லை, ஒன்றில் ஒருவர் பின்னால் ஒருவர் உட்கார வேண்டும். கையில் இருக்கும் பணம் அளவானது, ஒருமுறை எடுத்தால் பல வருடம் ஓட்டியாக வேண்டும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மின்னோட்டம்

நண்பரே, ரேஞ்சைச் சற்று ஒதுக்கிவையுங்கள். 35 கி.மீ.க்கு நீங்கள் எழுதிய எல்லா வண்டியும் போய்வந்துவிடும். முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் பாதையிலேயே வேகமான பகுதி எது, அங்கே மற்ற வண்டிகள் என்ன வேகத்தில் போகின்றன என்பதை.

ஏனென்றால் உங்கள் பட்டியலில் மூன்று வேறு வேறு வகை வண்டிகள் கலந்து இருக்கின்றன. வெளித்தோற்றத்தில் எல்லாம் குட்டிக் கார் மாதிரிதான் தெரியும். ஐரோப்பிய விதிமுறையில் எல்6இ என்று ஒரு வகை உண்டு: மோட்டார் 6 கிலோவாட் வரை, வேகம் 45 கி.மீ.யோடு நின்றுவிடும், பேட்டரியைச் சேர்க்காமல் எடை 425 கிலோவுக்குள். அமியும் டோபோலினோவும் இந்த வகை. பிரான்சில் 14 வயதுப் பிள்ளைகளே ஓட்டலாம் என்றால், எந்த மாதிரிப் பயணத்தை மனதில் வைத்து இதைச் செய்தார்கள் என்று புரியும். அடுத்தது எல்7இ: 15 கிலோவாட் வரை, 90 கி.மீ. வேகம் வரை, ஆளேற்றும் வண்டி என்றால் பேட்டரி நீங்கலாக 450 கிலோ வரை. மைக்ரோலினோவும் 80 கி.மீ. வேகத்தில் ஓடும் ட்விஸியும் இங்கே வரும். ட்விஸியில் 45 கி.மீ. வேக வடிவமும் தனியாக உண்டு, பழையது வாங்கினால் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முழுமையான கார். உங்கள் பட்டியலில் ஃபோர்ட்டூ மட்டும்தான் அது.

45ல் நிற்கும் வண்டியை 70ல் போகும் சாலையில் விட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். வேக வித்தியாசம் 25 கி.மீ., அதாவது நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். உங்களுக்குப் பின்னால் 50 மீட்டரில் வரும் லாரி ஏழு நொடியில் உங்கள் முதுகில் இருக்கும். அந்த ஓட்டுநர் கவனமாக இருந்தால் பிழைத்தோம். நம் உயிரைப் பின்னால் வருபவரின் கவனத்தில் ஒப்படைப்பது சரியில்லை.

உங்கள் பாதையைப் பற்றி எழுதுங்கள், பிறகு பேசலாம்.

நகர்வலம்

மின்னோட்டம் அண்ணா சொல்றது பைபாஸுக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா 45 கி.மீ. வண்டின்னாலே வேண்டாம்னு யாரும் முடிவு பண்ணிடக் கூடாதுன்னுதான் எழுதுறேன். நான் அந்த வகை வண்டிதான் ஓட்டுறேன், பெயர் வேண்டாம். சந்தைத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, சிக்னலுக்கு சிக்னல் நிக்கிற மெயின் ரோடு, இதுதான் என் பாதை. அங்க எவனும் 40ஐத் தாண்டுறதே இல்ல. பெரிய காரு எனக்கு முன்னாடி பாய்ஞ்சு போயி அடுத்த சிக்னல்ல நிக்கும், நான் மெதுவா போயி அதுக்குப் பக்கத்துல நிப்பேன்.

இந்த வண்டியோட நெஜமான சுகம் திரும்புறதுலயும் நிறுத்துறதுலயும் இருக்கு. அமி நீளம் 2.41 மீட்டர், திரும்பும் வட்டம் 7.2 மீட்டர். முட்டுச்சந்துல மாட்டிக்கிட்டா ரிவர்ஸ் எடுத்து அல்லாடவே வேண்டாம். கண்ணாடி பெருசு, நாலு மூலையும் உட்கார்ந்த இடத்துல இருந்தே தெரியும். அமியோட ரெண்டு கதவும் ஒரே அச்சுல வார்த்தது, அதனால ஓட்டுநர் கதவு பின்பக்கக் கீல்ல திறக்கும், பக்கத்து சீட்டுக் கதவு வழக்கம்போல. முன் பம்பரும் பின் பம்பரும்கூட ஒண்ணேதான். இப்படிச் செலவைக் குறைச்சிருக்காங்க, பாகம் மாத்தும்போதும் அது நமக்கு லாபம்.

குறையும் சொல்லிடுறேன். மழைக்காலத்துல ரெண்டு பேர் உள்ள உட்கார்ந்து மூச்சு விட்டாலே முன்கண்ணாடி மங்கிடும். உள்ள இடம் கம்மி, காத்து வர்ற வழியும் கம்மி. என் வண்டியில ஊதுற விசிறி அதுக்கு ஈடு கொடுக்கல. கண்ணாடியைக் கொஞ்சம் திறந்து வச்சா சாரல் அடிக்கும். இப்ப ஒரு துணி எப்பவும் கையில இருக்கும். நீங்க எந்த வண்டி பார்த்தாலும் மழை நாள்ல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, அதுவும் ரெண்டு பேர் உட்கார்ந்து.

கருநீலம்

இருவருக்கும் நன்றி. என் பாதை இப்படி: வீட்டிலிருந்து பெரும்பகுதி நகரச் சாலை, நகர்வலம் சொன்ன மாதிரி 40ஐத் தாண்டாது. நடுவில் ஒரு மேம்பாலமும் அதை ஒட்டிய பைபாஸ் பகுதியும் இருக்கிறது, அங்கே எல்லோரும் 60, 70ல் போவார்கள். அதைத் தவிர்க்க உள்தெரு வழி உண்டு, ஆனால் நீளம், குறுக்கே ரயில்வே கேட்டும் இருக்கிறது. கேட் மூடினால் காத்துக்கிடக்க வேண்டும். மருத்துவமனை அந்தப் பைபாஸைத் தாண்டித்தான்.

மின்னோட்டம்

அப்படியானால் எல்6இ வகை உங்களுக்கு இல்லை. மருத்துவமனைக்கு அவசரமாகப் போக வேண்டிய நாளில் கேட் மூடியிருந்தால் என்ன செய்வீர்கள்?

பாதுகாப்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எல்6இ, எல்7இ இரண்டுமே சட்டத்தின் கண்ணில் கார் கிடையாது. கார்களுக்குக் கட்டாயமான மோதல் சோதனைகள் இவற்றுக்குக் கட்டாயமில்லை. 2014லும் 2016லும் யூரோ என்கேப் அமைப்பு இந்த வகை வண்டிகளைத் தானே எடுத்து 50 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தது. இரண்டு நட்சத்திரத்தை எதுவும் தாண்டவில்லை. அந்த நட்சத்திரம்கூட கார்களுக்குக் கொடுப்பதைவிட எளிய சோதனையில் கொடுத்தது, இரண்டையும் ஒப்பிடக் கூடாது. ட்விஸியில் ஓட்டுநருக்கு ஏர்பேக் உண்டு. அமியில் அதுவும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை.

எடையும் சேர்ந்துகொள்ளும். ஆட்களோடு 600 கிலோ இருக்கும் வண்டியும் 1500 கிலோ காரும் இரண்டுமே 40 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொண்டால், கணக்குப்படி பெரிய காரின் வேகம் 23 கி.மீ. மாறும், சின்ன வண்டியின் வேகம் 57 கி.மீ. மாறும். சின்ன வண்டி பின்னோக்கித் தள்ளப்படும் என்று பொருள். உள்ளே இருப்பவர்களின் உடம்பு அந்த 57ஐத்தான் தாங்க வேண்டும். என்ன வண்டியாக இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. ஆனால் அந்த அடியை வாங்கிக்கொள்ள உறுதியான கூண்டும் ஏர்பேக்கும் இருக்கிறதா என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியும். ஃபோர்ட்டூவின் எஃகுக் கூண்டு அதற்காகவே செய்தது. 2017ல் வந்த மின்சார ஃபோர்ட்டூவின் அதே தலைமுறை பெட்ரோல் வடிவம், 2014ல் கார்களுக்கான முழுச் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது.

நகர்வலம்

பைபாஸும் ஆஸ்பத்திரியும் இருக்குன்னா நானும் அண்ணா கட்சிதான். என் வண்டியை நான் அந்த மாதிரி ரோட்டுல ஏத்தவே மாட்டேன்.

நீலப்பொறி

பேட்டரி பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். பேட்டரித் துறையில்தான் வேலை.

முதலில் ரேஞ்ச் கணக்கை நீங்களே போடக் கற்றுக்கொள்ளுங்கள், விளம்பரத்தை நம்ப வேண்டியிருக்காது. அமியில் 5.5 யூனிட் (கிலோவாட் மணி) பேட்டரி, 75 கி.மீ. என்கிறார்கள். அதாவது ஒரு யூனிட்டுக்கு 13, 14 கி.மீ. ட்விஸியில் 6.1 யூனிட். ஃபோர்ட்டூவில் 17.6 யூனிட், ஆனால் அது இரண்டு மடங்கு எடையுள்ள கார், ஒரு யூனிட்டுக்கு 6, 7 கி.மீ.தான் எதிர்பார்க்கலாம். உங்கள் 35 கி.மீ.க்கு லேசான வண்டி என்றால் இரண்டரை, மூன்று யூனிட். ஃபோர்ட்டூ என்றால் ஐந்து, ஐந்தரை. வித்தியாசம் ஒரு நாளைக்கு மூன்று யூனிட்டுக்குள். இதைக் கவனியுங்கள், பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஓடும் தூரம் குறைவாக இருக்கும்போது மின்கட்டணத்தில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் செலவைத் தீர்மானிக்கப்போவது வாங்கும் விலை, காப்பீடு, ரிப்பேர், பேட்டரி ஆயுள் இவைதான்.

இப்போது ஏசி. சின்ன வண்டியின் ஏசி கம்ப்ரஸர் நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் வரை இழுக்கும். நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் ஒரு யூனிட் போய்விடும், வண்டி ஓர் அடி நகராமலே. 17.6 யூனிட்டில் அது தெரியாது. 5.5 யூனிட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அமியிலும் ட்விஸியிலும் ஏசியே இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். குளிர் நாட்டில் இருப்பவர்களுக்கு ஹீட்டர் இதே வேலையைச் செய்யும். போதாததற்குக் குளிரில் பேட்டரி கொடுக்கும் சக்தியும் குறையும். உறைநிலைக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்வது செல்லுக்கே கேடு, நல்ல வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி தானே தடுத்துவிடும்.

அடுத்து வேதியியல். விலை குறைவு என்று வரும் சில சின்ன வண்டிகளில் இன்னும் ஈய அமில பேட்டரி இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஆழமாக இறக்கி ஏற்றினால் சில நூறு சுற்றிலேயே தளர்ந்துவிடும். 2001ல் விற்பனைக்கு வந்த ரேவா என்ற இந்திய மின்சாரக் காரில் அதுதான் இருந்தது, லண்டனில் ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியதும் அதேதான். 2009ல் அவர்களே லித்தியத்துக்கு வந்தார்கள். லித்தியத்தில் இரண்டு பெரிய வகை: நிக்கல் மாங்கனீசு கோபால்ட் சேர்ந்தது ஒன்று, இரும்பு பாஸ்பேட் ஒன்று. முதலாவது எடைக்கு அதிக சக்தி தரும். இரண்டாவது அதிக சுற்றுகள் தாங்கும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு. நகரத்துக்குள் ஓட்ட எனக்கு இரும்பு பாஸ்பேட் பிடிக்கும். ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: இடையிடையே நூறு சதவீதம் வரை ஏற்றுங்கள். அதன் வோல்ட்டேஜ் நடுவில் மாறாமல் கிடப்பதால், எவ்வளவு மிச்சம் என்று கணிக்க வண்டிக்கு அந்த உச்சிப் புள்ளி தேவைப்படுகிறது. நிக்கல் வகை என்றால் தினசரி 80 சதவீதத்தில் நிறுத்துவது நல்லது. முழுசாக ஏற்றி வெயிலில் நாள் முழுக்க நிறுத்துவதுதான் அதற்கு மிகப் பெரிய எதிரி.

மேட்டுவழி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கருநீலம் மேம்பாலம் என்றாரே, எங்கள் பக்கம் முழுக்க மேடு பள்ளம். சின்ன மோட்டார் ஏறுமா?

நீலப்பொறி

ஏறும், வேகம்தான் இறங்கும். 485 கிலோ வண்டியில் இரண்டு பேர் சேர்ந்தால் 625 கிலோ என்று வையுங்கள். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் சாலையில் 45 கி.மீ. வேகத்தைப் பிடித்துவைக்க, எடையைத் தூக்க மட்டுமே ஏழரை கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மோட்டார் 6 கிலோவாட். அதனால் 30ஐ ஒட்டி வந்து நிற்கும். மற்றபடி மேடு பேட்டரியைத் தின்றுவிடும் என்ற பயம் தேவையில்லை. அதே வண்டி நூறு மீட்டர் உயரம் ஏற 0.17 யூனிட்தான் ஆகும், மோட்டாரில் இழப்பைச் சேர்த்தால் 0.2. இறங்கும்போது மோட்டாரே மின்சாரம் தயாரிப்பதால் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் மேட்டில் குடியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு முழுக்க நிரம்ப ஏற்றிவிட்டுக் காலையில் இறக்கத்தில் கிளம்பினால், திரும்பும் சக்தியைப் போட்டுவைக்க பேட்டரியில் இடம் இருக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வழக்கமாக வரும் பிடிமானம் வராது. பிரேக்கைக் கூடுதலாக மிதிக்க வேண்டியிருக்கும்.

தேனருவி

கருநீலம், நான் வண்டியின் தொழில்நுட்பம் பற்றிப் பேசப்போவதில்லை. உங்கள் அம்மாவைப் பற்றிக் கேட்கிறேன். எந்த வண்டியையும் பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிப்போங்கள். நான் என் மாமியாருக்காகத் தேடியபோது இதைத்தான் செய்தேன்.

முழங்கால் பிடித்துக்கொள்பவர்களுக்குத் தாழ்ந்த இருக்கையில் இறங்கி உட்காருவது ஒரு பாடு, எழுவது இரண்டு பாடு. இருக்கையின் உயரம் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தால், பின்புறத்தை முதலில் வைத்து உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துவிடலாம். என் மாமியார் ஒரு வண்டியில் கதவு விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார், விரல் வைக்க இடமே இல்லை. வழவழப்பான பிளாஸ்டிக். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மேலே ஒரு கைப்பிடி இருக்கிறதா, கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, கீழே தாண்டிப்போக வேண்டிய விளிம்பு எவ்வளவு உயரம், இதையெல்லாம் அவரே உட்கார்ந்து எழுந்தால்தான் தெரியும்.

ட்விஸியை அவருக்காக யோசிக்கவே வேண்டாம். பின் இருக்கை ஓட்டுநருக்கு நேர் பின்னால், ஓட்டுநரின் இருக்கைக்கு இரு பக்கமும் காலை நீட்டி உட்கார வேண்டும். புடவை கட்டியவர்கள் எப்படி ஏறுவார்கள்? பக்கவாட்டுக் கண்ணாடியும் அந்த வண்டியோடு வருவதில்லை, தனியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து நினைவு வந்தாலோ மயக்கம் வந்தாலோ உங்கள் பக்கத்தில் அவர் இருப்பதுதான் நல்லது.

மைக்ரோலினோவின் முன்புறமே கதவு. அது சிலருக்கு வசதி, நேராக நடந்து வந்து திரும்பி உட்காரலாம். ஆனால் வண்டிக்கு முன்னால் நிற்க இடம் வேண்டும். சுவரைப் பார்த்து நிறுத்தினால் இறங்க முடியாது, உங்கள் மூன்று மீட்டர் இடத்தில் அதை யோசித்துக்கொள்ளுங்கள். பின்னால் 230 லிட்டர் டிக்கி இருக்கிறது, மடக்கும் நடைச்சட்டம் வைக்கலாம். அமியில் டிக்கி என்று தனியாக இல்லை, பயணி இருக்கைக்கு முன்னால் காலடியில் ஒரு பை வைக்கும் இடம்தான்.

கருநீலம்

தேனருவி அக்கா, இந்தப் பார்வை எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஊன்றுகோல் வைத்திருக்கிறார். நிச்சயம் கூட்டிப்போகிறேன். ட்விஸியையும் அமி, டோபோலினோவையும் எடுத்துவிட்டேன். இப்போது மைக்ரோலினோவும் ஃபோர்ட்டூவும். புதிய மைக்ரோலினோ என் கைக்கு எட்டாது போல இருக்கிறது, பழைய ஃபோர்ட்டூ எட்டும். பழைய மின்சாரக் காரில் என்ன பார்க்க வேண்டும்?

சக்கரவட்டம்

அதற்கு முன் ஒரு யோசனை. இருவர் இருக்கை என்றே ஏன் தேட வேண்டும்? நான்கு இருக்கை போட்ட, மூன்று மீட்டருக்குள் அடங்கும் கார்கள் இருக்கின்றன. 2020ல் சீனாவில் வந்த வூலிங் ஹோங்குவாங் மினி 2.92 மீட்டர்தான். எம்ஜி காமெட் 2.97. பின் இருக்கையை மடித்துவிட்டால் இருவர் கார்தான், பெரிய டிக்கியோடு. நிறைய விற்ற வண்டிக்கு பாகம் கிடைப்பதும் எளிது.

மின்னோட்டம்

நல்ல யோசனைதான் சகோ, ஆனால் மூன்று மீட்டர் இடத்தில் 2.97 மீட்டர் காரை தினமும் நுழைப்பது பெரும்பாடு. முன்னும் பின்னும் ஒன்றரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஃபோர்ட்டூ 2.69 மீட்டர், 30 சென்டிமீட்டர் மிச்சம். திரும்பும் வட்டமும் 7 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அமியைவிடச் சின்னது. இட நெருக்கடி இல்லாதவர்கள் நீங்கள் சொன்ன வகையைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். இந்த இழையைப் பின்னால் படிப்பவர்களுக்காகவும் சொல்கிறேன்.

இனி பழைய ஃபோர்ட்டூவுக்கு வருவோம். இந்தத் தலைமுறை மின்சார ஃபோர்ட்டூ 2017ல் வந்தது, 2024ல் உற்பத்தி நின்றது. இந்தத் தலைமுறையை ரெனோவின் ட்விங்கோவோடு சேர்த்து உருவாக்கினார்கள். அதனால் பல பாகங்கள் பொதுவானவை, உற்பத்தி நின்றதால் உடனே அநாதையாகிவிடாது. ஆனாலும் உங்கள் ஊரில் இந்தக் காரைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்தவர் யார் என்பதை, காரைத் தேடும் முன்பே தேடிவிடுங்கள். என் கருத்தில் இதுதான் பாதி முடிவு. கைக்கெட்டிய தூரத்தில் மெக்கானிக் இல்லாத மலிவான மின்சாரக் கார் மலிவே இல்லை.

காகிதங்களில் முக்கியமான ஒன்று: பேட்டரி யாருடையது? சில நாடுகளில் இந்தக் கார்களை பேட்டரி இல்லாமல் விற்று, பேட்டரிக்கு மாத வாடகை வாங்கினார்கள். ட்விஸி தொடக்கத்தில் அப்படித்தான் விற்றது. பழைய வண்டியின் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் உங்கள் தலையில் வந்து விழும்.

அவசர சார்ஜ் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபோர்ட்டூவில் டிசி (நேர்திசை மின்சார) வேக சார்ஜ் கிடையாது. 22 கிலோவாட் ஏசி (மாறுதிசை மின்சார) சார்ஜர் பொருத்திய கார்கள் உண்டு, பொருத்தாதவையும் உண்டு. வீட்டில் சார்ஜ் செய்யும் உங்களுக்கு அது இல்லாவிட்டாலும் ஓடும், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம்.

நீலப்பொறி

பேட்டரியின் உடல்நலத்தைச் சோதிக்க, காரின் திரையில் காட்டும் கி.மீ. எண்ணை நம்பாதீர்கள். அது முந்தைய ஓட்டுநர் எப்படி ஓட்டினார் என்பதை வைத்துச் சொல்லும் ஊகம். சர்வீஸ் கருவியில் பேட்டரியின் நிலையைப் படித்துத் தரச் சொல்லலாம். விற்பவர் ஒத்துழைத்தால் இன்னொரு வழியும் உண்டு. பிளக்கில் செருகும் யூனிட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். கார் 20 சதவீதத்தில் இருக்கும்போது மீட்டர் வழியாக சார்ஜ் போட்டு நூறு வரை ஏற்றுங்கள். மீட்டர் 14 யூனிட் காட்டுகிறது என்று வையுங்கள். சார்ஜரிலும் வயரிலும் சூடாகிப் போவது பத்து முதல் பதினைந்து சதவீதம். மீதி 12க்குக் கொஞ்சம் மேல். அது 80 சதவீதத்துக்கு உள்ள அளவு, நூறுக்குப் பார்த்தால் 15க்குச் சற்று மேலே. ஃபோர்ட்டூவில் புதிதாக இருக்கும்போது ஓட்டக் கிடைப்பதே 17 யூனிட்டுக்குக் கொஞ்சம் கீழேதான். ஆக, பத்தில் ஒரு பங்கு போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவு தேய்மானம் இயல்பானது. அந்த நிலையில்கூட உங்கள் 35 கி.மீ.க்கு இரண்டு மடங்குக்கு மேல் கையில் இருக்கும்.

பெரிய பேட்டரியைப் பார்க்கும் அவசரத்தில் சின்ன 12 வோல்ட் பேட்டரியை விட்டுவிடுவார்கள். மின்சாரக் கார் திடீரென்று உயிரே இல்லாமல் நின்றுபோனால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். கதவுப் பூட்டு, கணினி, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

இணைப்புக்கம்பி

வயரிங் வேலை செய்பவன் என்ற முறையில் பிளக் பற்றி நான் சொல்லியாக வேண்டும். இதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள் தம்பி.

பத்து ஆம்பியர் என்பது பெரிய லோடு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். இஸ்திரிப் பெட்டியும் அவ்வளவுதானே இழுக்கிறது என்பார்கள். இஸ்திரிப் பெட்டி சூடானதும் தானே நின்று நின்று எரியும். கார் அப்படி இல்லை. 230 வோல்ட்டில் பத்து ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், 17.6 யூனிட்டை ஏற்ற எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். பிளக்கின் உள்ளே ஒரு ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தால் போதும், அந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், பிளாஸ்டிக் இளகும், கருகும், நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். இப்படிக் கருகின பிளக் பலதைக் கழற்றியிருக்கிறேன். எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே கதை: பழைய பாயிண்ட், அதில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதன் வயர் சுருட்டின மேனிக்கே கிடக்கும்.

மீட்டரிலிருந்து தனி லைன் இழுங்கள். வேறு எந்த விளக்கும் மோட்டாரும் அதில் சேரக் கூடாது. அதற்கென்று தனி எம்சிபி (லோடு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (மின்கசிவு இருந்தால் துண்டிக்கும் கருவி). பாயிண்ட் 16 ஆம்பியர். எர்த் சரியாக இருக்கிறதா என்று ஆள் வைத்து அளந்து பாருங்கள், எர்த் இல்லையென்றால் பல சார்ஜர்கள் ஏற்றவே மறுக்கும், அது நல்லதுக்குத்தான். பாயிண்ட் மழை படாத உயரத்தில் மூடியோடு இருக்கட்டும். முதல்முறை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை எடுக்கத் தோன்றினால் உடனே நிறுத்தி ஆளைக் கூப்பிடுங்கள்.

சக்கரவட்டம்

இன்னொன்று. பழைய வண்டியை வேறு நாட்டிலிருந்து வரவழைத்து விற்கிறார்கள் என்றால் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்று பாருங்கள். அமி பிரிட்டனில்கூட இடப்பக்க ஸ்டீயரிங்கோடுதான் விற்றது. சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடுகளில், முன்னால் போகும் பஸ்ஸைத் தாண்ட எதிரே என்ன வருகிறது என்று பார்க்கவே முடியாது. பக்கத்து இருக்கையில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கருநீலம்

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு முடிவு: பழைய ஃபோர்ட்டூ, பேட்டரி சொந்தமாக உள்ளது. பக்கத்தில் வேலை தெரிந்த ஒரு கடை இருப்பதை நேற்று உறுதி செய்துகொண்டேன். தனி லைனுக்கு இணைப்புக்கம்பி அண்ணன் சொன்னதை அப்படியே எழுதி எலக்ட்ரீஷியனிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு கார் பார்த்துவைத்திருக்கிறேன், இந்த வாரம் அம்மாவோடு போகிறேன். டெஸ்ட் டிரைவில் குறிப்பாக என்ன செய்ய வேண்டும்?

மின்னோட்டம்

விற்பவர் காட்டும் காலிச் சாலையில் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒன்றும் தெரியாது. உங்கள் உண்மையான பாதையில், உண்மையான நேரத்தில், இருவரும் உட்கார்ந்து, ஏசியோடு ஓட்டிப் பாருங்கள். கிளம்பும்போது எத்தனை சதவீதம், திரும்பியபோது எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். பைபாஸில் 70 பிடித்துப் பாருங்கள், பக்கத்தில் பஸ் தாண்டும்போது காற்றடித்து வண்டி எவ்வளவு ஆடுகிறது என்று அம்மாவிடமும் கேளுங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி குறைந்த கார் என்பதால் வேகத்தடையில் தலை ஆட்டும், முதுகுவலி உள்ளவர்களுக்கு அது முக்கியம். மெதுவாக ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வருகிறதா என்று கண்ணாடியை இறக்கிக் கேளுங்கள். சில மின்சாரக் கார்களில் பிரேக்கை மோட்டாரே பாதி பார்த்துக்கொள்வதால் டிஸ்க் பயன்படாமல் துருப்பிடித்துக் கிடக்கும், சக்கரத்தின் இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

தேனருவி

அம்மா இறங்கும்போது உதவிக்கு ஓடாதீர்கள். அவராகவே எழ முடிகிறதா என்று பொறுமையாக நின்று பாருங்கள். உள்ளே ஊன்றுகோலை எங்கே வைப்பார் என்பதையும்.

நகர்வலம்

தம்பி, டயரையும் பாருங்க. சின்ன வண்டி கம்மியாத்தான் ஓடியிருக்கும், அதனால தேயாம புதுசு மாதிரியே தெரியும், ஆனா ரப்பர் வயசாகி இறுகிப்போயிருக்கும். பக்கச் சுவத்துல நாலு இலக்க எண் இருக்கும். 3219னு போட்டிருந்தா 2019ஆம் வருஷம் 32வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். ஃபோர்ட்டூவுக்கு முன்னாடி ஒரு அளவு, பின்னாடி ஒரு அளவு. நாலுமே மாத்துற வயசுல இருந்தா, அந்த ரெண்டு அளவும் உங்க ஊர்ல என்ன விலைன்னு விசாரிச்சு வச்சுக்கிட்டு பேரம் பேசுங்க.